தப்பான கறுப்பு

என் மாப்பிள்ளை செய்கிற வேலையை யாராவது கேட்டால், அவர் தரும் பதில் முடிவதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிடும். நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆள் இல்லாமல் ஓடுகிற சின்ன வண்டி ஒன்று. அதன் மூக்கில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு பெட்டி. பெட்டி லேசர் வெளிச்சத்தை எறியும். எதிரே இருக்கிற பொருளில் பட்டு அது திரும்பி வரும். போய்வர எடுத்த நேரத்தை வைத்து, இன்னும் இவ்வளவு தூரம் இருக்கிறது, நில் என்று வண்டிக்குச் சொல்லும். எறிகிற வேலை வேறு யாருடையதோ. திரும்பி வருவதைப் பிடிக்கிற ரிசீவர்தான் எங்கள் மாப்பிள்ளையுடையது.

பிடிப்பதுதான் கஷ்டம், அதை நான் மறுக்கவில்லை. போகிறது ஒரு குடம், திரும்பி வருவது ஒரு சொட்டு. அதுவும் உச்சி வெயிலில், சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்கிற மாதிரி. எதிரே இருப்பது கறுப்பாக இருந்துவிட்டால் அந்தச் சொட்டையும் அது குடித்துவிடும். அதனால் ரிசீவரின் திறமை கறுப்பில்தான் தெரியும் என்பார். அந்தத் திறமை மட்டும் தெரிந்துவிட்டால் ரிசீவர் பிரிவுக்கே அவர்தான் தலைவர். மேலதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். எதற்கும் "சரி சரி" என்று சொல்கிற மனிதர் அவர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே சரிசரிதான். அவருடைய வாக்கை நம்பி மாப்பிள்ளை புதுச் சட்டை தைத்துக்கொண்டார்.

சோதனை எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. என் மகள் வக்கீல். அவளுடைய கறுப்புக் கோட்டைத் துணி காயப்போடுகிற கொடியில் மாட்டிவிட்டு, மாடியின் மறுகோடியில் பெட்டியோடு உட்கார்ந்துகொள்வார். கொளுத்துகிற வெயிலிலும் பெட்டி கோட்டைப் பார்த்தது. இவர் உடனே கீழே இறங்கி வந்து எங்களுக்குச் சொல்லிவிட்டு மறுபடி ஏறுவார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவருக்கோ பொன்னுக்கு மேலே ஏதாவது இருந்தால் அது.

"உலகத்துல இதைவிடக் கறுப்பு கிடையாது அத்தை. அதையே புடிச்சிட்டேன்" என்றார்.

"உங்க பொண்டாட்டி கோபத்தைப் புடிக்குதான்னு பாருங்க, கோட்டெல்லாம் வெயில்ல வெளுக்குது" என்றேன்.

வண்டி வாங்க வந்தது ஒரு கிடங்கு முதலாளியம்மா. அவருடைய கிடங்கில் ஆட்கள் எல்லோரும் கணுக்கால் வரை தொங்கும் கறுப்பு ரப்பர் ஏப்ரன் கட்டுவார்கள். அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: என் ஆட்கள் குறுக்கே வந்தால் வண்டி நிற்குமா? கறுப்பென்றால் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று மாப்பிள்ளை பார்க்காத ஏப்ரனுக்கு உத்தரவாதம் கொடுத்துவிட்டார்.

வண்டியை ஓட்டிக் காட்டுகிற நாளன்று மகளுக்கும் கோர்ட்டில் வழக்கு. மாப்பிள்ளை கோட்டைக் கேட்டு வாசல் வரை அவள் பின்னாலேயே போனார்.

"உங்க வண்டிக்கு என் கோட்டு மட்டும்தான் தெரியுமா? வேற கறுப்பே கிடைக்காதா?" என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள். கேலியாகத்தான் கேட்டாள். அதுதான் உண்மை என்று அவளுக்கும் அப்போது தெரியாது.

கிடங்கில் நடந்ததை மாப்பிள்ளை எங்களிடம் மூன்று விதமாகச் சொன்னார். மூன்றிலும் பொதுவாக இருந்ததை மட்டும் சொல்கிறேன். உச்சி வெயில். திறந்த முற்றம். முதலாளியம்மா தன் மேஸ்திரியைக் கூட்டிவந்து, ஏப்ரனைக் கட்டி நடுவில் நிற்கச் சொன்னார். வண்டி கிளம்பியது. மேஸ்திரி நின்றார். வண்டி நிற்கவில்லை. ரப்பர் அந்த ஒரு சொட்டையும் குடித்துவிட்டது. அப்படி ஓர் ஆள் அங்கே இருப்பதே பெட்டிக்குத் தெரியவில்லை. மேஸ்திரியோ, படித்தவர்கள் செய்த வண்டி, நிற்கும் என்று மரியாதையாக நின்றுகொண்டிருந்தார்.

நிறுத்துவதற்கு வண்டியின் முதுகிலேயே ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. பொருத்தியதும் இவர்தான். அதைத் தாண்டி ஓடி, புது வெள்ளைச் சட்டையோடு மேஸ்திரியின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். வண்டி சட்டென்று நின்றது. எங்கள் மாப்பிள்ளை வாழ்க்கையில் ஒருமுறை வெளிச்சத்தை ஒழுங்காகத் திருப்பி அனுப்பினார்.

சரிசரி சும்மா இருப்பாரா? இன்றைக்கு வெயில் கூடுதல், வேறொரு நாள் வாருங்கள் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை அதற்குள் எழுந்து, பெட்டியைச் சரிசரியின் கறுப்புக் கால்சட்டைப் பக்கம் திருப்பினார். நன்றாகத் தெரிந்தது. ஏப்ரன் பக்கம் திருப்பினார். ஒன்றுமில்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்திருக்கிறது. சாயத் துணியின் கறுப்பு நம் கண்ணுக்கு மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத அந்த லேசருக்கு அது வெள்ளை வேட்டி மாதிரி. கரியைக் கலந்து செய்த ரப்பர்தான் அதற்கும் கறுப்பு. இத்தனை நாள் வெள்ளையைப் பிடித்துவிட்டுத்தான் மாடிப்படியில் ஏறி இறங்கியிருக்கிறார்.

வெயில் மேல் பழியைப் போட்டிருந்தால் பதவி கிடைத்திருக்கும். சரிசரி கண்ணைக்கூடக் காட்டினாராம்.

"வெயில் இல்லைங்கம்மா. நான் தப்பான கறுப்பைப் பாத்துட்டேன். இப்ப இந்த வண்டியை வாங்காதீங்க" என்றார் மாப்பிள்ளை.

மூன்று விதமாகச் சொன்னபோதும் இந்த ஒரு வரி மாறவே இல்லை. அதனால் நம்புகிறேன். முதலாளியம்மா மேஸ்திரியின் ஏப்ரனைக் கழற்றச் சொல்லி வாங்கி இவர் கையில் கொடுத்து, இது தெரிகிற அன்றைக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். தலைவர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. அவரும் "சரி சரி" என்கிறவர்தானாம்.

மகள் சாயங்காலம் கதையைக் கேட்டுவிட்டுக் கோட்டைக் கழற்றி மாட்டினாள். "என் கோட்டு கோர்ட்டுல ஒருநாளும் பொய் சொன்னதில்லைங்க. உங்ககிட்டதான் சொல்லியிருக்கு" என்றாள். அன்றைக்கு அவர் தட்டில் அதிகமாகப் பரிமாறியதும் அவள்தான்.

இப்போது கொடியில் அந்த ஏப்ரன் தொங்குகிறது. மாடி முழுக்க டயர் நாற்றம். தன் லேசரின் நிறத்தைத் தவிர மற்ற வெளிச்சத்தையெல்லாம் வாசலிலேயே தடுக்கிற கண்ணாடி ஒன்றை ரிசீவரின் முகத்தில் வைத்திருக்கிறார். ஒருமுறை எறிந்து பார்ப்பதை விட்டு, பலமுறை எறிந்து, வருகிற துளிகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கிறார். கஞ்சன் சில்லறை சேர்க்கிற மாதிரிதான்.

நேற்று துணி எடுக்க மேலே போனேன்.

"அத்தை, தெரியுது" என்றார். கீழே ஓடிவரவில்லை.

"எவ்வளவு தூரத்துல மாப்பிள்ளை?"

மாடியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். திரும்பி, பின்னால் மிச்சமிருந்த இடத்தைப் பார்த்தார்.

"பாதி மாடிதான் அத்தை" என்றார்.

பாதியைப் பாதி என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. துணியை எடுத்துக்கொண்டு, லேசருக்குக் குறுக்கே போகாமல், சுவரோரமாக நடந்து வந்துவிட்டேன்.