கல்லில் முந்திக்கொண்ட பத்தொன்பது

என் பெரியம்மாவுக்கு இருபத்தொன்பது வயதிலேயே கல்லறையில் இடம் பிடித்துவிட்டார்கள், பஸ் சீட்டில் துண்டு போட்டு வைப்பதைப் போல.

பெரியப்பா மாரடைப்பில் திடீரென்று போனார். கல் வைத்தபோது பெரியம்மாவின் மாமியார், மகன் பெயருக்குக் கீழே மருமகள் பெயரையும் வெட்டச் சொன்னார். எங்கள் சர்ச் பங்கில் இது வழக்கம்தான். கணவன் மனைவிக்கு ஒரே குழி, ஒரே கல். பிந்திப் போகிறவருக்குப் பெயரும் பிறந்த வருடமும் போட்டு, ஒரு கோடு இழுத்து, மிச்சத்துக்கு இடம் விட்டுவிடுவார்கள். கல் வெட்டியவர் அதோடு நின்றிருக்கலாம். பின்னால் வேலை மிச்சமாகட்டும் என்று கோட்டுக்குப் பக்கத்தில் '19' என்றும் வெட்டிவிட்டார். அந்த நூற்றாண்டு முடியப் பத்து வருடம்கூட இல்லை என்பது அங்கே நின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை. நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நூற்றாண்டு போய்ச் சேர்ந்தது. பெரியம்மா வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல் செட் செய்வது அவர் வேலை. அச்சில் மாவை ஊற்றி, மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, ஈறு வார்த்து, ராவி, மெருகு போட வேண்டும். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பார். "ஒரு பல்லைக் கொஞ்சம் கோணலா வைக்கணும்டி. இல்லேன்னா வாழ்ந்த வாய் மாதிரியே இருக்காது" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பிரஷ்ஷும் தண்ணீர்க் கேனுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்க் கல்லைக் கழுவுவார். புருஷன் பெயரையும் தன் பெயரையும் ஒரே மாதிரி தேய்ப்பார்.

அங்கேதான் பூட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மனைவியை இழந்தவர், பக்கத்துப் பங்கைச் சேர்ந்தவர். ஒரு பழைய குடும்பக் கல்லறையின் இரும்புக் கதவுக்குச் சாவி தொலைந்துபோய், திறந்து கொடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கதவு திறந்தது, அவருக்குப் பித்துப் பிடித்தது. அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் பழைய கல்லறைத் தோட்டங்களில்தான். இறக்கை விரித்து நிற்கும் கை உடைந்த சம்மனசுகள், பாதியில் முறிந்தது போலச் செதுக்கிய தூண், பீங்கானில் பதித்த முகங்கள் என்று போனில் படம் பிடித்துத் தள்ளுவார். கேட்பாரற்றுக் கிடக்கும் கல்லைக் கண்டால் அந்தப் பெயரை மனப்பாடம் செய்து சாயங்காலச் செபத்தில் சேர்த்துக்கொள்வார்.

அன்று பெரியம்மா கல்லைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நின்று, கீழே இருந்த பெயரைக் காட்டிக் கேட்டார்.

"நீங்க இந்தம்மாவுக்குச் சொந்தமா?"

"ரொம்ப நெருங்கின சொந்தம்."

"செத்த வருஷத்தைக்கூட முழுசா வெட்டாம விட்டுட்டாங்களே, பாவம். நான் ஆறு வருஷமா இவங்க ஆத்துமாவுக்காகச் செபம் பண்றேன்."

பெரியம்மா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். "அப்படியா? அதான் எனக்கு ஒரு சளிகூடப் பிடிக்கல போல."

மனுஷன் வெலவெலத்துப் போனார். பெரியம்மா சிரித்த சிரிப்பில் ரெண்டு கல்லறை தள்ளி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம்.

அதற்குப் பிறகு இருவரும் சேர்ந்தே சுற்றினார்கள். "எந்தச் சம்மனசாவது பல்லைக் காட்டுதா பாருங்க, எனக்கு வேலையே இல்ல" என்று பெரியம்மா சொல்வார். இறந்த சாமியார்களின் வரிசை மட்டும் எதிர்ப்பக்கம் தலை வைத்துக் கிடப்பதைப் பூட்டுக்காரர் காட்டினார். உயிர்த்தெழும் நாளில் மக்களைப் பார்த்தபடி எழவேண்டுமாம். "அன்னிக்கும் பிரசங்கமா!" என்று பெரியம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் பூட்டுக்காரர் கேட்டேவிட்டார். "எனக்கும் சமைக்கத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமேன்னு தோணுது. சாமியார்கிட்ட பேசட்டுமா?"

யோசிக்கணும் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா நேராக என் வீட்டுக்கு வந்தார்.

"எனக்கு ஆசையா இருக்குடி" என்றார். "ஆனா அங்க என் பேர் இருக்கே. இத்தனை வருஷமா நானே கழுவியிருக்கேன். இன்னொருத்தர் வீட்ல இருந்துக்கிட்டு எந்த மூஞ்சியோட அதைக் கழுவப் போவேன்?"

விஷயம் அவருடைய நாத்தனார் காதுக்குப் போனது. அவர் அழுதுகொண்டே வந்தார். "அண்ணி, அண்ணன் அங்க இடம் விட்டுக் காத்துட்டிருக்காரு. கல்லுல எழுதியாச்சு. நீங்க வரலைன்னா அவருக்கு யாரு?"

"எழுதினதே தப்பா எழுதியிருக்கு, இதுல அதைச் சாட்சிக்கு வேற கூப்பிடறீங்களா?" என்று நான் எகிறினேன். பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயை மூடிக்கொண்டேன். அண்ணனை இழந்தவளின் அழுகை பொய்யில்லை, அது எனக்கும் தெரியும்.

பங்குச் சாமியார், "வாக்குக் கொடுத்தது சாவு வரைக்கும்தாம்மா, கல்லு வரைக்கும் இல்ல" என்று ஒரே வரியில் முடித்தார். அதுவும் பெரியம்மாவுக்குப் போதவில்லை. பூட்டுக்காரர் நல்லவர், எதிர்ப்பட்டுச் சங்கடப்படுத்தக் கூடாதென்று வேறு தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார். பெரியம்மா ஒரு வாரம் மேல்வரிசைப் பல்லைக் கீழ்வரிசையில் நட்டுவைத்து டாக்டரிடம் திட்டு வாங்கினார்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் நாத்தனாரையும் கல்லறைக்குக் கூப்பிட்டார். பையிலிருந்து ரப்பர் கிண்ணம், சின்னக் கரண்டி, ஈறு வார்க்கும் திரவம், எங்கேயோ வாங்கிய கருங்கல் தூள் எல்லாம் வெளியே வந்தன. தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் குழைத்து, கல்லோடு வைத்து நிறம் பார்த்தார். மண்டி போட்டு உட்கார்ந்து, கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த '1' என்ற பள்ளத்தை அடைத்தார்.

நாத்தனார் கல்லருகே குனிந்தார். "பேரையும் அடைச்சிடுவீங்களா அண்ணி?"

"பேரை எதுக்கு அடைக்கணும்? உங்க அண்ணனோட வாழ்ந்தது நெசம். அது இருக்கட்டும்." பெரியம்மா '9' பக்கம் நகர்ந்தார். "நான் எப்ப வருவேன்னு முந்திக்கிட்டுச் சொன்னாங்க பாருங்க, அதை மட்டும்தான் அடைக்கிறேன்."

நாத்தனார் தண்ணீர்க் கேனை எடுத்து, அண்ணன் பெயரைக் கழுவினார். கழுவிக்கொண்டே கீழே இறங்கி, அண்ணியின் பெயரையும் கழுவினார். அப்போது நான் அழுதுவிட்டேன், மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்த மாதம் கல்யாணம். கடைசியில் எந்தக் குழி என்று நான் கேட்டதற்கு, "அது அப்ப இருக்கிறவங்க தலைவலி" என்று பெரியம்மா சொல்லிவிட்டார்.

போன வாரம் அவர்கள் வீட்டில் சாயங்காலச் செபத்துக்கு உட்கார்ந்திருந்தேன். பூட்டுக்காரர் இறந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னார். தன் முதல் மனைவி, என் பெரியப்பா, சாவி தொலைந்த கல்லறையின் குடும்பம். பழக்கதோஷத்தில் பெரியம்மாவின் பெயரும் வந்துவிட்டது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"விடுங்க, நிறுத்தாதீங்க" என்றார் பெரியம்மா. "எல்லாருக்கும் செத்த பிறகுதான் செபம். எனக்கு என் காதால கேக்கக் கிடைச்சிருக்கு."

பூட்டுக்காரர் அந்தப் பெயரை இன்னொரு முறை, மெதுவாகச் சொன்னார். எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு பெரியம்மா "ஆமென்" என்றார்.