காட்டுக்குப் பொண்டாட்டி தெரியாது

அந்த மனுஷனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது ஆபீஸ் பதிவேட்டோடு சரி. பஸ் டிப்போவில் எல்லாரும் அவரை ‘நிமிஷம்’ என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த நிறுத்தத்திலிருந்து எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நிமிஷம் என்று முப்பத்தோரு வருஷம் அட்டவணை போட்டவர். மழை நாளுக்குத் தனி, பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தனி. கல்யாணமான புதிதில் ஒருநாள் மனைவியிடம், "சமையக்கட்டுலேருந்து வந்து கதவத் திறக்க நீ பதினோரு செகண்டு எடுத்துக்கறே" என்றார். அவள் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருக்க வேண்டும். சிரித்துவிட்டாள், மாட்டிக்கொண்டாள்.

அவளும் சும்மா இருந்தவள் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை. வாரம் ஆறு நாள் குனிந்தே கிடக்கிற கழுத்து, ஞாயிறு மத்தியானம்தான் நிமிரும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பி ஒரு விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மேஜைமேல் வரைபடத்தை விரித்து, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேஷம் கட்டி, பகடை உருட்டிக் கதைக்குள் போகிற விளையாட்டு. ஒருத்தர் மட்டும் ஆடாமல் கதையை நடத்த வேண்டும். காடு, மழை, பூதம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வேலையை நிமிஷத்தைத் தவிர வேறு யாரிடம் கொடுப்பார்கள்?

முதல் வாரமே தகராறு. பெட்டியோடு வந்த விதிப் புத்தகத்தில், காட்டுக்குள் எந்த வழியாகப் போனாலும் வேகம் பாதி என்று ஒரே வரியில் முடித்திருந்தார்கள். அவருக்கு வந்ததே கோபம். "ஒத்தையடிப் பாதையும் சதுப்பும் ஒண்ணா? இத எழுதினவன் என்னிக்காவது வீட்ட விட்டு இறங்கியிருப்பானா?" மறு ஞாயிறுக்குள் ஒரு நீல நோட்டில் சொந்தமாக விதி எழுதிவிட்டார். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டு புள்ளி. வரைபடத்தில் ஒரு கட்டம் தாண்ட, நல்ல தடம் என்றால் ஒரு புள்ளி, புதரும் வேரும் என்றால் இரண்டு, சதுப்பு என்றால் நான்கு. முன்னால் போகிறவர் வழி வெட்டிக்கொண்டு போவதால், கட்டத்துக்கு ஒரு புள்ளி கூடுதல். புள்ளி தீர்ந்த இடத்தில் கூடாரம். அதற்கப்புறம் ஓர் அடி நகரக் கூடாது. கூடாரம் போட்ட இடத்தில் பென்சிலால் ஒரு முக்கோணம் போடுவார்.

முன்னால் போவது எப்போதும் அவள்தான். அவளுடைய வீராங்கனை கையில் அரிவாள் இருந்ததுதான் வினை. "அண்ணி முன்னாடி போகட்டும்" என்று கொழுந்தன் நைசாகப் பின்னால் ஒதுங்கிக்கொள்வான். கூட ஆட வருகிற கீழ் வீட்டுத் தையற்காரரும் ஆமாம் சாமி போடுவார். ஆறு கட்டத்தில் அவள் புள்ளி காலி.

"ஏங்க, பொண்டாட்டிக்கு ஒரு சலுகை கிடையாதா?"

"காட்டுக்குப் பொண்டாட்டி தெரியாது" என்பார், சிரிக்காமல். தையற்காரர்தான் விழுந்து விழுந்து சிரிப்பார்.

பதினேழு வருஷம் இப்படி. அதெல்லாம் என்ன நாட்கள்! டீ கிளாஸ் வைத்த வட்டங்கள் அந்த மேஜையில் இன்னும் இருக்கின்றன. பிறகு தையற்காரர் மகளோடு வெளியூர் போனார், கொழுந்தனுக்கு வேலை மாற்றல் வந்தது, பெட்டி அலமாரி மேல் ஏறியது.

நிமிஷம் ஓய்வு பெற்ற இரண்டாம் வருஷம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் இழுத்துக்கொண்டது, பேச்சும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரமாக அவர் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பயிற்சி கொடுக்க வருகிற பெண் மனைவியைத் தனியே கூப்பிட்டாள்.

"அம்மா, கால்ல பலம் இருக்கு. மனசுதான் இல்ல. இந்த மாசம் நடக்க ஆரம்பிக்கலேன்னா கால் இறுகிப் போயிடும். அப்புறம் காலத்துக்கும் சக்கர நாற்காலிதான்."

அவள் கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிட மாட்டேன் என்று மிரட்டினாள். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவளுக்கே பொறுக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பெட்டியை இறக்கினாள். நீல நோட்டின் கடைசிப் பக்கத்தில் வீட்டை வரைபடமாகப் போட்டாள். தரை ஓடுகளில் சாக்பீஸால் எண் எழுதினாள். கட்டிலிலிருந்து அறைக்கதவு வரை ஐந்து கட்டம், நிலைப்படி ஒரு கட்டம், அதைத் தாண்டிக் கூடத்து மேஜை வரை நான்கு. அவர் முதுகைப் பார்த்து உரக்கப் படித்தாள்.

"அஞ்சு கட்டம் நல்ல தடம், அஞ்சு புள்ளி. நிலைப்படி ஒண்ணு. கூடம் நாலு. மொத்தம் பத்து."

கட்டில் கிறீச்சிட்டது. அவர் திரும்பியிருந்தார். இடது கையில் இரண்டு விரலை உயர்த்திக் காட்டினார்.

நிலைப்படி மேடு, அது வேர்க் கணக்கில் வரும், இரண்டு புள்ளி. அவள் நிஜமாகவே கணக்கில் தப்பு விட்டிருந்தாள். ஆனால் பதினேழு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தவளுக்கு அவரைக் கிளப்பச் சொல்லியா தர வேண்டும்?

"ஒண்ணுதான். இல்லேன்னா வந்து காட்டுங்க."

லேட்டாக வந்த டிரைவரைப் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார். பிறகு கட்டிலோரம் சும்மா நின்ற வாக்கரைப் பிடித்தார். அன்றைக்கு இரண்டு கட்டம். வேர்த்துக் கொட்டியது. இரண்டு பேருக்கும்தான்.

அப்புறம் தினமும். அவள் வாக்கருக்கு முன்னால், கைகளை நீட்டிக்கொண்டு, பின்பக்கமாகவே நடப்பாள். தரை ஈரமாக இருந்தால் சதுப்புக் கணக்கில் நான்கு விரலைக் காட்டிவிட்டு நின்றுவிடுவார். துடைத்துக் காயும்வரை அடம். பேச்சும் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. முதலில் வந்த சொல் ‘தப்பு’. வேறென்ன வரும் அவருக்கு?

இருபத்தெட்டாம் நாள் மத்தியானம் மேஜைக்கே வந்து சேர்ந்தார். அவள் நோட்டில் ‘பதினொன்று’ என்று எழுதி அவர் முன்னால் தள்ளினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

"உனக்கு?"

"எனக்கென்ன?"

"முன்னாடி போனது... நீ. கட்டத்துக்கு... ஒண்ணு கூட." மூச்சு வாங்கினார். "அஞ்சு கட்டம்... பத்து. நிலைப்படி... மூணு."

பதின்மூன்று. அவளிடம் இருந்தது பன்னிரண்டு.

"நீ நிலைப்படி தாண்டல. கூடாரம்... போடு."

இரண்டு மாதமாக அவரைத் தூக்கி, துடைத்து, துணி மாற்றி, இடுப்பு விட்டுப் போயிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த மனுஷன் கவனித்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அடுப்புல பால் இருக்குங்க."

"காட்டுல... ஏது பால்?"

"பொண்டாட்டிக்கு ஒரு சலுகை கிடையாதா?"

கிடையாது என்று அவர் தலையை ஆட்டினார். அவள் போய் அடுப்பை மட்டும் அணைத்தாள். திரும்பி வந்து, நிலைப்படிக்கு அந்தப் பக்கம், ஐந்தாம் கட்டத்தில் உட்கார்ந்து காலை நீட்டினாள். பட்டப்பகலில் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்ததும் அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. நன்றாக அழுதாள். அவர் தடுக்கவில்லை. இடது கையால் பென்சிலை எடுத்து, நோட்டில் அவள் உட்கார்ந்திருந்த கட்டத்தில், கோணல்மாணலாக ஒரு முக்கோணம் போட்டார்.