திரும்பி வாட்டும் குளிர்ந்த இரும்பும்

எங்கள் மீனவக் கிராமமான போர்ட்டெசனில் வாட் ஸ்லேட்டர் என்ற பெயரில் ஏழு மீனவர்கள் இருந்தார்கள். ஆளைப் பிரித்துச் சொல்லப் பட்டப்பெயர் இல்லாமல் முடியாது. துறைமுகத்தில் படகுகளின் போக்குவரத்தைக் குறித்து வந்த நான், பட்டப்பெயர் சேர்க்காமல் எவரையும் எழுதியதில்லை. இந்த வாட்டுக்கு ஊர் வைத்த பெயர் 'திரும்பி'. இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கள் கரையில் எவனுக்கும் அமையவில்லை.

கடலுக்குப் போகிறவன் காதில் பன்றி என்ற சொல் விழக்கூடாது. பாதிரியார் எதிரே வரக்கூடாது. எங்கே போகிறாய் என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. அப்படி நடந்துவிட்டால், பக்கத்தில் உள்ள இரும்பைத் தொட்டு, "குளிர்ந்த இரும்பு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். மற்றவர்கள் கடலுக்குக் கிளம்பினார்கள். வாட் வீட்டுக்குக் கிளம்பினான். அதிலும் ஒரு விசேஷம்: அலை அடங்கிக் கிடந்த நாட்களில் எந்தப் பன்றியும் அவன் காதில் விழுந்ததில்லை.

இதில் வயிறு எரிந்தவள் அவன் மனைவி எப்பி. மட்டிச் சிப்பிகளை உடைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்டில் முட்களில் சதையைக் கோப்பது பெண்கள் வேலை. அவள் விரல்களில் வெட்டுப்படாத இடம் கிடையாது. கணவன் திரும்பிவிட்டால் அத்தனை இரையும் கடற்காக்கைகளுக்குப் போகும்.

ஒரு மார்ச் மாதம் படகுத் தலைவர் டாட் ஃப்ளெட் அவளிடம் வந்தார். "எப்பி, இன்னொரு தடவ திரும்புனான்னா அவன் எடத்துல வேற ஆளப் போட்டுருவேன். அப்புறம் எங்கிட்ட வந்து அழக்கூடாது."

"நான் அழ மாட்டேண்ணே. அவரு திரும்பவும் மாட்டாரு."

படகில் இடம் போனால் அவள் கூடையில் விற்க மீன் இருக்காது. நான்கு பிள்ளைகளுக்கு ஓட்ஸ் கஞ்சிகூட நிச்சயமில்லை. இது வாட்டுக்கும் தெரியும். தெரிந்துதான் அன்று மாலையே பாதிரியார் வீட்டுக்கு நடந்தான். எடின்பரோவிலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன, ஊர் வழக்கம் எதுவும் அறியாத மனிதர் அவர். "ஐயா, காலைல வந்து எங்க படகுக்கு ஒரு ஜெபம் பண்ணணும்" என்று குழைந்தான். தன்னை ஒரு மீனவன் தேடி வந்ததில் அவர் உள்ளம் உருகிப்போனாராம்.

விடிந்ததும் எப்பி வழக்கம்போல் பாவாடையை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, கணவனை முதுகில் சுமந்து தண்ணீரில் இறங்கினாள். நாள் முழுக்கப் படகில் இருப்பவனின் கால் நனையக்கூடாது என்பதால் எங்கள் பெண்கள் எல்லோருமே அப்படிச் சுமப்பார்கள். ஆனால் சுமக்கத் தகுதியுள்ளவர்களைச் சுமந்தார்கள். தூண்டில் கூடை ஏற்கெனவே படகில் இருந்தது.

கரையில் கறுப்பு அங்கி தெரிந்தது. பாதிரியார் கையை உயர்த்தி உற்சாகமாகக் கூவினார்: "நண்பர்களே, எங்க போறீங்க?"

படகிலிருந்த ஐந்து பேரும் நங்கூரத்தின் மேல் பாய்ந்தார்கள். "குளிர்ந்த இரும்பு! குளிர்ந்த இரும்பு!"

"திரும்புடி எப்பி!" என்று அலறினான் வாட். "ஆளையும் பாத்தாச்சு, கேள்வியும் கேட்டாச்சு. தொட இங்க இரும்பு ஏது?"

"யோவ், உன் இடுப்பத் தடவிப் பாரு. விடியக்காலைல தூக்கக் கலக்கத்துல இருந்தியே, அப்ப அடுப்பு மேல பானை தொங்குற சங்கிலியக் கட்டிவிட்டேன். ராத்திரியே கஞ்சிப் பானைய எறக்கி வெச்சுட்டேன். தொடு!"

படகில் சிரிப்பு வெடித்தது. "தொடுலே திரும்பி! நங்கூரத்தவிட ஒங்கிட்டதான் இரும்பு அதிகம்!" என்றார் டாட்.

அவன் சங்கிலியைத் தொடவில்லை. எப்பியின் கழுத்தைத்தான் இறுக்கினான். படகின் விளிம்பருகே அவள் போய் நின்றபோதும் பிடி தளரவில்லை. எல்லோர் எதிரிலும் மெதுவாகச் சொன்னான்: "பயமா இருக்குடி."

பயம் தப்பில்லை. அந்தப் படகில் பயப்படாதவன் எவனும் இல்லை. அதற்குப் பன்றியையும் பாதிரியாரையும் இத்தனை வருஷம் கூலியில்லா வேலைக்கு வைத்தானே, அதுதான் அற்பம்.

எப்பி கைகளை விட்டாள். சங்கிலி கனத்தில் அவன் பொத்தென்று தண்ணீரில் உட்கார்ந்தான்.

"அண்ணே, கூடை அங்கதான இருக்கு?"

"இருக்கு."

"அப்ப அது போகட்டும். என் தூண்டிலுக்கு எதக் கண்டும் பயமில்ல."

டாட் துடுப்பைக் கையில் எடுத்தார். "ஒன் தூண்டில இழுக்குறவனுக்கு மீன்ல பாதி, ஒனக்குப் பாதி. எடம் ஒன் பேர்லயே இருக்கட்டும்." படகு நகர்ந்தது. பாதிரியார் இன்னமும் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் வாட் கடலுக்குப் போகவே இல்லை. மட்டி உடைத்தான், அதையும் சரியாக உடைக்கவில்லை. அன்று தான் திரும்பியதால்தான் படகு தப்பியது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். படகுக்கு என்ன ஆபத்து வந்தது என்று கேட்டால் இருமுவான்.

எங்கள் ஊரில் கல்லறைக் கல்லிலும் பட்டப்பெயரை வெட்டுவார்கள். கல் தச்சன் தயங்கினான். "திரும்பின்னு போட வேணாம்தானே, எப்பிம்மா? செத்த மனுஷன்..."

"வெட்டு, நல்லா ஆழமா வெட்டு. ஊர்ல இன்னும் ஆறு வாட் ஸ்லேட்டர் இருக்காங்க. அவங்கள்ல யாரோ ஒருத்தர்னு நெனச்சு எவனாவது தொப்பியக் கழட்டிட்டா?"