விளக்குக்குப் பக்கத்தில் ஒரு முள்

"லைட்டு எரியலேன்னா எஞ்சின் சொகமா இருக்குன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒனக்கு என்னா தெரியணும் புள்ள?" என்று அப்பா கேட்டார்.

அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்தின் ட்ராக்டர் டிரைவர். மேல் மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஃபெக்டரிக்கு இறக்குவார். ட்ராக்டரில் எஞ்சினைப் பற்றிச் சொல்ல இருந்தவை இரண்டு சின்ன விளக்குகள்தான். ஒன்று பெட்டரிக்கு, மற்றது ஒயிலுக்கு. ஒயில் அழுத்தம் மிகவும் குறைந்தால் சிவப்பாக எரியும். நான் அப்போது பதுளையில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. எரியாத விளக்குக்குப் பின்னால் அழுத்தம் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதைத்தான் அப்பாவிடம் கேட்டிருந்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அப்பா வழக்கம்போல ட்ராக்டரைக் கழுவி, ஸ்டியரிங்குக்கும் இரண்டு விளக்குகளுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு வைத்தார். மறுநாள் ஏற்றத்தில் எஞ்சின் தடதடவென்று அடித்தது. அப்பா காய்ந்த பொட்டை நகத்தால் சுரண்டினார். அடியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி இறங்கிப் பார்த்தால் ஒயில் அடிமட்டத்தில்.

எஞ்சின் எப்படியோ தப்பியது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா, ஸ்டியரிங்க விட்டுட்டுக் கவ்வாத்துக் கத்தியத் தூக்கணும்னு தொரை சொல்லிட்டாரு" என்றார் அப்பா. தேயிலைச் செடி வெட்டும் வேலையிலிருந்து டிரைவராவதற்கு அவர் பட்ட பாடு வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

"அழுத்தம் எவ்வளவுன்னு காட்டுற முள்ளு வச்ச கேஜ் ஒன்னு பூட்டலாம்பா. தொரைகிட்ட கேளுங்க."

"ஒரு லைட்டையே பாக்கத் தெரியாதவனுக்கு முள்ளு வேறயா?" என்றார். ஆனாலும் கேட்டார். தோட்டத்தை நடத்தும் துரை தடுக்கவில்லை.

பதுளைக் கடைத்தெருவில் பழைய லொறிச் சாமான் விற்கும் முஸ்லிம் முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேஜ் யாருக்குத் தங்கச்சி? அண்ணனுக்கா?"

"எங்க அப்பா ஓட்டுற ட்ராக்டருக்கு. பூட்டப் போறது நான்."

"லைட்டக் கழட்டிருவீங்களா?"

"இல்லங்க, ரெண்டும் வேணும்."

"அப்ப இதையும் எடுங்க" என்று மூன்று வாய் உள்ள பித்தளைத் துண்டு ஒன்றைத் தேடித் தந்தார். "ஒரு வாய் எஞ்சினுக்கு, ஒன்னு லைட்டுக்கு, ஒன்னு முள்ளுக்கு. எங்க வீட்லயும் மூணு வாய் இருக்கு, ஒன்னாச்சும் சும்மா இருக்கணுமே!"

ஞாயிற்றுக்கிழமை அப்பா ஸ்பேனர் பிடிக்க, நான் மெல்லிய செம்புக் குழாயை வளைத்துப் பூட்டினேன். சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது, முள் அடியில் கிடந்தது. எஞ்சின் பிடித்ததும் விளக்கு அணைந்தது. முள் எழும்பி மேலே போய் நின்றது. சற்று நேரத்தில் மெல்ல இறங்கத் தொடங்கியது.

"எறங்குதே புள்ள!"

"ஒயில் சூடாகி எளகுதுப்பா. எங்க போய் நிக்குதுன்னு பாப்போம்."

அது நின்ற இடத்தில் கேஜ் கண்ணாடியின் விளிம்பில் அப்பா ஒரு வெள்ளைக் கோடு போட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அதே ஏற்றத்தில் முள் கோட்டுக்குக் கீழே போனது. விளக்கு எரியவில்லை. அப்பா நிறுத்திக் குனிந்து பார்த்தார். அடியில் ஒயில் அடைப்பான் தளர்ந்து ஒழுகிக்கொண்டிருந்தது. இறுக்கி, ஒயில் ஊற்றி, கொழுந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். கத்தியைப் பற்றி அதன்பிறகு யாரும் பேசவில்லை.

அடுத்த பூஜைக்கு விளக்குகளையும் கண்ணாடியையும் விட்டுவிட்டு, பக்கத்துத் தகரத்தில் பொட்டு வைத்தார். பிறகு, "தண்ணிச் சூட்டுக்கும் இப்புடி ஒரு முள்ளு இருக்கா?" என்றார், எங்கோ பார்த்தபடி.

அவர் கேட்பதற்கு முன்பே அதை முதலாளியிடமிருந்து வாங்கி வந்திருந்தேன். மறுநாள் காலை, அது சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அதன் குழாய் நுனியில் சூட்டை உணரும் குமிழை அடுப்பிலிருந்த கேத்தலுக்குள் விட்டேன்.

"தேத்தண்ணிக் கேத்தல்ல என்னாத்தடி போடுற?" என்று அம்மா கத்தினார்.

தண்ணீர் கொதித்தது. கடல் மட்டத்தில் தண்ணீர் கொதிக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொடாமல் முள் சற்று முன்பே நின்றது. எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் அங்கேதான் கொதிக்கும். முள் பொய் சொல்லவில்லை. குமிழைத் துடைத்துக்கொண்டு ட்ராக்டர் கொட்டகைக்கு நடந்தேன். முதல் கேஜுக்குப் பக்கத்தில் தகரத்தை ஏற்கெனவே வட்டமாக வெட்டி வைத்திருந்தேன்.