நான்தான் அனுப்பினேன்

நான் வேலை பார்க்கும் மார்க்கெட்டிங் ஏஜென்சியில் வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு எல்லோரும் காபிக் கோப்பையோடு வட்டமாக நிற்போம். யாராவது ஒருவர் அந்த வாரத்தில் தான் செய்த தவறு ஒன்றைச் சொல்வார். சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கைதட்டுவார்கள். இது நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில். முதல் வாரம் பார்த்தபோது கேலி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். ஃப்ளூர் என்ற பெண் வாடிக்கையாளரின் பெயரையே விளம்பரத்தில் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றாள். கைதட்டினார்கள். எனக்குத் தெரிந்து கைதட்டல் பள்ளி ஆண்டு விழாவில் பரிசு வாங்குகிறவர்களுக்குக் கிடைப்பது. நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து, எங்கள் இயக்குநர் யோஸ்ட் பக்கத்தில் வந்து விளக்கினார். இங்கே எல்லோரும் ஏர்லெக்காக இருக்க வேண்டும், அதற்குத்தான் இது என்றார். ஏர்லெக் என்றால் நேர்மை. அந்தச் சொல்லைத்தான் டச்சு மொழியில் முதலில் கற்றுக்கொண்டேன்.

ஊரிலிருந்து போன் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அங்கெல்லாம் முதலாளி தொழிலாளி வித்தியாசமே இல்லையாமே?" இல்லைதான். யோஸ்டை எல்லோரும் யோஸ்ட் என்றுதான் கூப்பிடுகிறோம். மதியம் அவரும் எங்களோடு உட்கார்ந்து ரொட்டியும் சீஸும் சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார். அவர் சொன்ன யோசனையை மேசை முழுக்க ஆளிருக்கும்போதே "இது சரியில்லை" என்று நேற்றுச் சேர்ந்தவரும் சொல்லலாம். எனக்கு அப்படி ஒரு வாக்கியம் சொல்லவே எட்டு மாதம் ஆனது. சொன்ன அன்று யோஸ்ட் என்னைப் பாராட்டினார். நான் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இதெல்லாம் உண்மை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு "கொடுத்து வெச்சவ" என்று ஊரில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் எதற்கு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குக் குன்றாண்டார்கோவில் பக்கம். இதே ஏஜென்சிக்குப் புதுக்கோட்டையில் ஒரு சின்ன அலுவலகம் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில் ஆறு பேர் இருந்தோம். டச்சுக் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் விளம்பர மெயில்களைத் தயார் செய்து, உரிய முகவரிப் பட்டியலுக்கு அனுப்புவது எங்கள் வேலை. பெங்களூரில் ஆள் நிற்பதில்லை, எங்கள் ஊரில் நின்றார்கள், அதனால் அங்கே வைத்திருந்தார்கள். ஆரோக்கிய மேரி எங்களுக்கு டீம் லீட். மணமேல்குடிக்காரர். கணவர் கடலுக்குப் போகிறவர். மகளை நல்ல பள்ளியில் சேர்ப்பதற்காக மேரி அக்கா புதுக்கோட்டையில் வீடு எடுத்து அவளோடு தங்கியிருந்தார். அந்த வேலை இருந்தால்தான் அந்த வீடு, அந்த வீடு இருந்தால்தான் அந்தப் பள்ளி.

என்னைத் தலைமை அலுவலகத்துக்கு எடுத்துக்கொள்வதாக முடிவாகி, காகிதங்கள் நகர்ந்துகொண்டிருந்த மாதம் அது. எங்களிடம் இரண்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் தோட்டத்து நாற்காலி மேசை விற்பவர். இன்னொருவர் இறுதிச் சடங்கு நடத்திக்கொடுக்கும் நிறுவனம். இரண்டு பேருடைய பட்டியல்களும் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. நான் நாற்காலிக்காரரின் மெயிலை மற்றப் பட்டியலுக்கு அனுப்பிவிட்டேன். "இந்தக் கோடையில் உங்கள் வீட்டில் ஒரு இருக்கைகூடக் காலியாக இருக்க வேண்டாம்" என்பது அதன் தலைப்பு. அது போய்ச் சேர்ந்தது எல்லாம் அந்த ஆண்டு யாரையாவது அடக்கம் செய்த குடும்பங்களுக்கு.  

யோஸ்ட் வீடியோவில் வந்தார். சத்தம் போடவில்லை. "இதை அனுப்பியது யார்?" என்று மட்டும் கேட்டார். அறையில் இருந்த ஆறு பேருக்கும் தெரியும். பக்கத்து மேசை சரவணன் என் திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் மேரி அக்கா ஆங்கிலத்தில் சொன்னார், "நான்தான் அனுப்பினேன்." யோஸ்ட் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். வீடியோ அணைந்ததும் நான் அழ ஆரம்பித்தேன். அக்காவுக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"என்ன புள்ள இது, எழவு வீடு மாதிரி? யாராச்சும் ஒருத்தர் சொல்லணும்ல. நான் இங்கிட்டுத்தான இருக்கப் போறேன். ஒனக்குப் பேப்பரு ஓடிக்கிட்டிருக்கு. போ, போயிச் சாப்புடு."

நான் போய்ச் சாப்பிட்டேன். அதுதான் உண்மை. உப்புமா கொண்டுபோயிருந்தேன், ஒரு பருக்கை மிச்சமில்லை. அந்த அறையில் யாருக்கும் மேரி அக்கா பொய் சொன்னதாகத் தோன்றவில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒருமுறை சித்தப்பா ஓட்டிப்போன ஆடுகள் பக்கத்து வயல் கடலையில் இறங்கிவிட்டன. வயல்காரர் கத்திக்கொண்டு வந்து நின்றபோது என் அப்பா, "நாந்தாப்பா கவனிக்காம இருந்துட்டேன்" என்றார். அப்பா அன்று காலை முழுக்கக் குளத்தூரில் இருந்தார் என்பது அந்த வயல்காரருக்கே தெரியும், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பி வந்திருந்தார்கள். ஆனாலும் அதோடு பேச்சு முடிந்தது. மூத்தவர் ஏற்றுக்கொண்டால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். சித்தப்பாவுக்குத் திட்டு வீட்டுக்குள் தனியாகக் கிடைத்தது. மேரி அக்காவும் மறுநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, காதில் ரத்தம் வராத குறையாகத் திட்டினார். அதன்பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் இங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் கோடையில் யோஸ்ட் என்னை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார். புதுக்கோட்டை அலுவலகத்துக்கு நிரந்தரமாக ஒரு மேலாளர் வேண்டும், மேரியைத்தான் நினைத்திருக்கிறேன் என்றார். பிறகு கோப்பைப் புரட்டினார். "எல்லாம் நன்றாக இருக்கிறது. அந்த ஒரு மெயில்தான் எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு கவனக்குறைவானவரா அவர்? நீ கூட இருந்தவள். யோசித்துச் சொல்." மேரி அக்கா மூன்று ஆண்டுகளுக்கு முன் வாயால் சொன்ன மூன்று ஆங்கில வார்த்தைகள் அங்கே தேதி போட்டு எழுதப்பட்டிருந்தன. எங்கள் ஊரில் மத்தியானச் சாப்பாட்டோடு முடிந்துபோன விஷயம் இங்கே அன்றுவரை உயிரோடு இருந்தது.

அந்த அறையிலேயே சொல்லியிருக்கலாம். அல்லது, மேரி அக்கா மிகவும் கவனமானவர், அது ஏதோ ஒரு நாள் நடந்தது என்று சொல்லி முடித்திருக்கலாம். நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். வட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். அந்த மெயிலை அனுப்பியது நான், மேரி எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார், அவர் ஒரு தவறும் செய்யவில்லை என்றேன்.  கைதட்டினார்கள், வழக்கத்தைவிட அதிக நேரம். ஃப்ளூர் என்னைக் கட்டிக்கொண்டாள். மேரி அக்காவின் பெயரில் இருந்த கறையைத் துடைத்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. கைதட்டல் வாங்குவதும் எனக்குப் பிடித்துப்போயிருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

யோஸ்ட் மட்டும் கைதட்டவில்லை. சாயங்காலம் அவர் மேசைக்குக் கூப்பிட்டார்.

"நீ பயந்திருந்தாய். அது எனக்குப் புரிகிறது. இப்போது சொல்லிவிட்டாய், அதற்கு நன்றி" என்றார். "ஆனால் மேரி என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார்."

"அவர்தான் எங்களுக்குப் பொறுப்பு. அதனால்தான் அப்படிச் சொன்னார்" என்றேன்.

"ஆமாம், பொறுப்பில் இருந்தவர். அதனால்தான் எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றார்.

நான் ஆட்டுக் கதையைக்கூடச் சொன்னேன். அவர் கன்னத்தில் கை வைத்து, பொறுமையாக, உண்மையான அக்கறையோடு கேட்டார். உங்கள் கலாசாரத்தைப் பகிர்ந்துகொண்டதற்கு நன்றி என்றார். தவறை மன்னிக்கலாம், பொய்யை வைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்தை நடத்த முடியாது என்றார். கெட்ட மனிதர் இல்லை அவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். மூன்றாவது வாரம் மேரி அக்காவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

நான் போன் செய்தபோது அவர் வீட்டைக் காலி செய்யச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பின்னால் டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது. அக்கா, உங்களுக்கு நல்லது செய்யத்தான் நினைத்தேன் என்று சொன்னேன்.

"நான் ஒன்னயக் கேட்டேனா புள்ள?"

மறுபடி டேப் கிழிக்கிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னது சொன்னதாவே கெடந்துட்டுப் போகுது. கவனக்கொறச்சக்காரின்னு பேரு எடுத்தாலும் வேல பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். இப்பப் பொய்க்காரின்னு எழுதிப்புட்டாங்க. இதுக்கு மேல எந்த ஆபீஸ்ல போயி நான் நிக்கிறது?" பிறகு, "பாப்பாவ மணமேல்குடியிலயே சேத்துட்டோம். அழுதுக்கிட்டு இருக்கா. வக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் அவர் எடுப்பதில்லை.

அந்த மேலாளர் வேலையை யோஸ்ட் எனக்குக் கொடுத்தார். உத்ரெக்டில் இருந்துகொண்டே பார்க்கலாம், ஆண்டுக்கு இரண்டு முறை போய்வந்தால் போதும் என்றார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. அதற்குத்தானே மூன்று ஆண்டு பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். நான் மறுத்தால் அந்த அலுவலகத்தையே மூடிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சரி என்றேன். அப்படி யாரும் சொல்லியிருக்கவில்லை.

போன மாதம் புதுக்கோட்டைக்குப் போனேன். மாடிப்படியில் அதே வெற்றிலை எச்சில் கறை. அறை மட்டும் புது வெள்ளையடித்து இருந்தது. முன்பு "என்ன செல்வி, இன்னைக்கு பஸ்ஸு லேட்டா?" என்று கேட்கிற சரவணன், "வாங்க மேடம்" என்றார். மேரி அக்காவின் மேசையைத் துடைத்து எனக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். யாரும் அவர் பெயரை எடுக்கவில்லை. ஏதாவது பிரச்சினை இருக்கிறதா, வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லைங்க மேடம், எல்லாம் நல்லா இருக்கு" என்றார்கள்.

மூன்றாம் நாள் ஒரு விளம்பரம் குறித்த தேதிக்கு ஒரு நாள் முன்பே வெளியாகிவிட்டது. சின்ன விஷயம்தான், வாடிக்கையாளர்கூடக் கவனிக்கவில்லை. ஆனால் இப்போது இதற்கெல்லாம் ஒரு படிவம் இருக்கிறது. தவறுக்குக் காரணமானவர் பெயர் என்று ஒரு கட்டம், அதை நிரப்பாமல் அனுப்ப முடியாது. யார் போட்டது என்று கேட்டேன். யோஸ்ட் கேட்டது போலவே சத்தம் போடாமல்தான் கேட்டேன். புதிதாகச் சேர்ந்த சத்யா தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன் மேடம். சரவணன் சார் ஐடில இருந்துதான் போயிருக்கு. நான் இல்லைங்க." அவளுக்கு முன்பே இன்னும் இரண்டு பேர் தங்கள் ஸ்கிரீன்ஷாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் அன்றைக்கு எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்களில் அவரும் ஒருவர். யாராவது ஒருவர் "நான்தான் மேடம்" என்று குறுக்கே விழுவார் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன். அந்த ஒருவர் நானாக இருக்கலாம் என்பதும் தோன்றியது. மேலாளர் கண்காணிப்பில் நடந்த தவறு என்று என் பெயரையே போட்டு அனுப்பினால் உத்ரெக்டில் யாரும் என்னை எதுவும் செய்யப்போவதில்லை. ஆனால் அது பொய், அதை எழுதுகிற தைரியம் எனக்கு அங்கே போய்த் தொலைந்திருக்கிறது. நான் சரவணன் என்று அடித்தேன். படிவம் போய்விட்டது.

"சரிங்க மேடம்" என்றார் அவர். பிறகு, "நாங்க கீழ போயி டீ குடிச்சுட்டு வாரோம். ஒங்களுக்கு மேல கொண்டாரச் சொல்லவா?" என்று கேட்டார். கூட வருகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை.

அவர்கள் இறங்கிப் போனார்கள். டீக்கடைக்காரர் வந்து டீயைப் பேப்பர் கப்பில் மூடி போட்டு என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். கீழே யாரோ எதையோ சொல்ல, எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள். சத்யாவின் சிரிப்பும் சரவணனின் சிரிப்பும் அதில் தனித்தனியாகக் கேட்டன. என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது, எனக்கும் சிரிக்க வேண்டும் போல இருந்தது. பால்கனிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். சிரிப்பு நின்றது. சரவணன் கிளாஸைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து நின்றார்.