நுன்சியாவுக்குக் கிடைத்த பாதிக் கல்

இத்தாலியில் பாரி நகரத்துப் பழைய துறைமுகத்துக்கு வருகிறவர்களுக்கு மீன் வாங்குவதெல்லாம் இரண்டாம் பட்சம். எட்டுக் கை பேய்க்கணவாயைக் கல்லில் அறைந்து, கடல்நீர்த் தொட்டியில் போட்டு ஆட்டி, கைகளெல்லாம் பூவாகச் சுருள்வதைப் பார்க்க வேண்டும். பிறகு அதைப் பச்சையாகவே கடித்து, மேலே ஒரு வாய் பீர் குடிக்க வேண்டும். வருவதே அதற்குத்தான்.

அந்தக் கல்லில் பெண்பிள்ளை எவளும் நின்றதில்லை. நின்றே தீருவேன் என்றாள் மீன்காரி நுன்சியா. மொட்டை மாடியில் ஏழு வருஷம் அறைந்து பழகியவள். அவள் அறைந்தால் அக்கரையில், அல்பேனியாவில், தொட்டில் பிள்ளைகள் விழித்து அழும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

கல்லுக்குச் சொந்தக்காரர் மாதிரி நடந்துகொள்கிற ஒரோன்சோ கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊர் பார்க்க இருவரும் ஆளுக்கொன்று சுருட்டுவது. அவளுடையது நன்றாகச் சுருண்டால் பாதிக் கல் அவளுக்கு. தோற்றால் கல் பேச்சையே எடுக்கக் கூடாது.

ஞாயிறன்று இரண்டு நீலத் தொட்டிகளையும் அவரே நிரப்பி வைத்தார். நுன்சியா தன் தொட்டியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை, குழாய்த் தண்ணீர். நல்ல தண்ணீர் பட்டால் பேய்க்கணவாய் துவண்டு போகும், சுருளாது. ஒரோன்சோ கூட்டத்தின் பக்கம் திரும்பித் தன் பெருமையை அளந்துகொண்டிருந்தபோது தொட்டிகளை இடம் மாற்றினாள். அவ்வளவுதான்.

இருவரும் அறைந்தார்கள், ஆட்டினார்கள். அவளுடையது சுருண்ட அழகைப் பார்த்த இரண்டு கிழவிகள், தங்கள் தலைமுடியையும் அப்படியே சுருட்டிவிடச் சொல்லி அழகு நிலையத்துக்கு ஓடினார்கள். ஒரோன்சோவுடையது ஈரக் காலுறை மாதிரிக் கிடந்தது.

"என்னண்ணே, உங்களுது இன்னும் எந்திரிக்கலையா?"

அவர் தொட்டித் தண்ணீரை நக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"ஏ புள்ள, இந்தத் தொட்டி..."

"தொட்டிக்கு என்னண்ணே? நீங்கதான ரொப்பி வச்சீங்க. சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னால் திருட்டு வெளியே வந்துவிடும். மென்று விழுங்கினார்.

"ஒண்ணுமில்ல. தள்ளி நிக்கிறேன், வா."

மத்தியானத்துக்குள் பதினேழு சுருட்டினாள். வரிசை தேவாலய வாசல் வரை நீண்டது. பாதிரியார் அன்றைக்குப் பூசையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, நேரே வந்து வரிசையில் நின்றார்.