கூரைக்கு வெளியே ஒரு கூட்டம்

மாமாவின் நாற்காலி காலியாக இருந்தது. காரைக்கால் மேரியின் மேல்தளக் கூட்ட அறை அது. கடற்காற்று மரச்சன்னல்களை ஓயாமல் தட்டும். பிரெஞ்சுக்காரர்கள் போய், நகராட்சி என்று பலகை மாறி வருடங்கள் ஆகியும் ஊர் வாய்க்கு அது மேரிதான், தலைவர் மேர்தான். எழுபதுகளின் கடைசி. நான் அங்கே தட்டச்சராகச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உறுப்பினர்களின் காலம் அன்றோடு முடிகிறது. மறுநாள் முதல் அதிகாரி ஒருவர் வந்து உட்காருவார். அடுத்த தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசிக் கூட்டத்தின் கடைசித் தீர்மானம் எங்கள் மீனவ ஊரான காரைக்கால்மேட்டைப் பற்றியது. கடற்கரையில் எங்கள் ஊர்க்கூட்டம் கூடும் கொட்டகையும் அதைச் சுற்றிய மணலும் ஊருக்கே விடப்பட வேண்டும் என்பது. நிறைவேறாவிட்டால் அந்த இடம் ஐஸ் கம்பெனிக்குப் போய்விடும்.

பாதி உறுப்பினராவது இருந்தால்தான் கூட்டம் செல்லும். கம்பெனி பக்கம் சாய்ந்தவர்கள் வேண்டுமென்றே வரவில்லை. ஓர் ஆள் குறைந்தது. குறைந்த அந்த ஆள், தீர்மானத்தைக் கொண்டுவந்த என் மாமா. அம்மாவின் தம்பி, மேட்டிலிருந்து மேரிக்குத் தேர்வான ஒரே வலைக்காரர்.

“என்னம்மா, உங்க மாமன் எங்க?” என்றார் மேர்.

“பெருசா ஏதோ மாட்டியிருக்கும். இழுத்துக்கிட்டு வரட்டும்,” என்று ஓர் உறுப்பினர் சிரித்தார். “எனக்குத் திருநள்ளாத்துல கல்யாணம். நான் கெளம்பணும்.”

மேர் என்னை வராந்தாவுக்கு அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “பன்னெண்டு மணிச் சங்கு ஊதுற வரைக்கும் இவுங்களப் புடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது. சைக்கிள எடுத்துக்கிட்டு ஓடு.”

எதிர்காற்று. சவுக்குத் தோப்பு ஒரு பெரிய மூச்சைப் போல இரைந்தது. மிதிக்க மிதிக்கச் சாலை நீண்டது. கரை கண்ணில் பட்டது. படகுகள் அத்தனையும் மணலில் கிடந்தன, கடல் காலியாக இருந்தது. எங்கள் ஊரில் அதற்கு ஒரே பொருள்தான்: ஊர்க்கூட்டம்.

கூட்டம் என்றால் ஒரு படகும் இறங்காது. ஊர்த்தலைவரை நாட்டார் என்போம். அவர் நடுவில் வெற்றிலைத் தட்டை வைத்துவிட்டால், அவரே அதை எடுக்கும்வரை உட்கார்ந்தவர் எழக்கூடாது. எழுந்தவர் பிறகு ஒருநாளும் அந்தக் கூரையின் கீழ் உட்கார முடியாது. கோபத்தில் எழுந்துபோய் அரிவாளோடு திரும்பியவர்கள் முன்னொரு காலத்தில் இருந்ததால் வந்த கட்டு அது. ரத்தம் பார்த்தவர்கள் போட்ட கட்டு என்பதால் யாரும் அதை லேசாக எண்ணவில்லை.

கவிழ்த்துப் போட்ட படகின் அருகே பெண்களோடு அத்தை, மாமாவின் மனைவி, நின்றிருந்தாள். “வாழ்த்தி அனுப்புறோம், கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்னு உங்க மாமாவக் கூப்புட்டானுவொ,” என்றாள். “தட்ட வச்ச ஒடனே எவனோ ரெண்டு பேரு, மாமனும் மச்சானும், அறுந்த வலைக்குச் சண்டையப் புடிச்சிக்கிட்டானுவொ. காலையிலேர்ந்து அதேதான். நல்லா வாழ்த்துனானுவொ போ!”

பெண்கள் கொட்டகைக்குள் போகக்கூடாது. ஊருக்கான தீர்மானத்தைத் தட்டச்சு செய்த என் விரல்களுக்கு அந்தக் கொட்டகையின் மூங்கில் கம்பத்தைத் தொட உரிமையில்லை. மாமாவின் பார்வை படும் இடமாகப் பார்த்து வெயிலில் நின்றேன். சைக்கிள் மணியை அடித்தேன். மறுபடி அடித்தேன். தலைகள் திரும்பின.

“யாரு அது?” என்றார் நாட்டார்.

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கம்பத்தின் நிழலைப் பார்த்தார். அது காலடிக்குள் சுருண்டிருந்தது. “நாட்டாரே, தட்ட எடுங்க. நான் போயிட்டு வந்ததும் மறுபடி வச்சிக்கலாம்.”

“வழக்கு பாதியில நிக்கிது. பாதியில எடுத்தா ஊருக்கு ஆவாது. செத்த இரு.”

“செத்த இருந்தா எடமே இருக்காதே.”

“கட்டு எல்லாருக்கும் ஒண்ணுதான்ப்பா.” நாட்டாரின் குரலில் கடுமை இல்லை. கெஞ்சல் இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெயிலுக்குள் வந்தார். என் கையிலிருந்த சைக்கிளை வாங்கினார். “பின்னால ஏறு. கெட்டியாப் புடிச்சிக்க.”

“மாமா, உங்கள இனிமே…”

“சங்கு ஊதிருச்சா?”

“இன்னும் இல்ல.”

“அப்ப பேசாம வா.”

மேரியின் படிகளை அவர் எப்படி ஏறினார் என்று எனக்கு நினைவில்லை. அறைக்குள் கைகள் உயர்ந்தது நினைவிருக்கிறது. மாமாவின் கை வியர்வையில் மின்னியது. உயர்த்திய கைகள் இறங்குவதற்குள் சங்கு ஊதியது. “மெர்சி,” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார் மேர், யாரையும் பார்க்காமல்.

கொட்டகை தப்பியது. ஊர் கரையில் நின்று மாமாவைக் கையெடுத்துக் கும்பிட்டது. ஆனால் உள்ளே விடவில்லை. சபையில் விழுந்து ஒரு மன்னிப்புக் கேள், எல்லாம் தீர்ந்துவிடும் என்றார்கள். “எந்திரிச்சது தப்புன்னா, அந்த எடத்த மேரிக்கே திருப்பிக் குடுத்துருங்க,” என்றார் மாமா. மேரியின் சட்டம், ஆள் உட்காரவில்லை என்று கூட்டத்தைக் கலைக்கும். எங்கள் ஊரின் கட்டு, ஆள் எழுந்துவிட்டான் என்று ஆளையே கலைக்கும். இரண்டுக்கும் நடுவில் மாமா வலை தைத்துக்கொண்டிருந்தார், கொட்டகைக்கு முதுகைக் காட்டியபடி, வருடக்கணக்காக. மேரியில் அதிகாரிகள் வந்தார்கள், மாறினார்கள். மேல்தள அறையைப் பூட்டினார்கள். கால் ஒடிந்த நாற்காலிகளை அங்கே அடுக்கினார்கள். எண்பதுகள் முழுக்கத் தேர்தல் வரவில்லை. இன்று அந்தக் கட்டடத்தைக் கடக்கும்போதும் என் கண் மேலேதான் போகிறது. சன்னல்கள் தட்டப்படும் சத்தத்தை நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா, தெரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நடுக்கடலில் பக்கத்து மீனவ ஊரான பட்டினச்சேரியின் படகுகளோடு தகராறு. எங்கள் பையன்கள் சிலர் அடிதடிக்கென்று படகில் கட்டைகளை ஏற்றி வைத்திருந்தார்கள். போய்ச் சொல்ல மேரும் இல்லை, உறுப்பினரும் இல்லை. பட்டினச்சேரிக்காரர்களோடு உட்கார்ந்து பேசக்கூடியவர் எங்கள் ஊரில் ஒருவர்தான். அத்தை பிறந்த ஊர் அது. மாமாவுக்கு அங்கே ஒவ்வொரு வீடும் உறவு.

கொட்டகையில் எல்லாரும் கூடிவிட்டார்கள். நாட்டார் தட்டை வைக்கவில்லை. கையில் ஏந்தியபடி நின்றார். பிறகு வெளியே நடந்தார். மாமா வலை தைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து, கொதிக்கும் மணலில் அதை வைத்தார். ஒவ்வொருவராகக் கூரையை விட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள்.

“கூரைக்குக் கீழதான ஒக்காரக் கூடாது. இங்க கூரை இல்ல,” என்றார் நாட்டார், மாமாவின் முகத்தைப் பார்க்காமல்.

மாமாவின் ஊசி நின்றது. “வெயிலு சுடுதே, நாட்டாரே.”

“சுடட்டும்.”

அதற்குள் படகோரம் நின்ற பெண்கள் நெருங்கி வந்திருந்தார்கள். “பொம்பளையாளுவொ தள்ளிப் போங்க,” என்று யாரோ அதட்டினார்.

“பட்டினச்சேரியில இருக்கிறவன் என் அண்ணன். இங்க இருக்கிறவன் என் புள்ள,” என்றாள் அத்தை. “கூரைக்குள்ளதான நான் வரக்கூடாது? எங்க கூரை, காட்டு. போயிடுறேன்.” சொல்லிக்கொண்டே மாமாவின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அதட்டியவர் நாட்டாரைப் பார்த்தார். நாட்டார் அத்தையைப் பார்த்தார், பிறகு தட்டைப் பார்த்தார். தட்டு வைத்தாயிற்று. இனி அவளை எழச் சொல்ல அந்த ஊரில் யாராலும் முடியாது.